செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் ஒரு கோடை: தன்னார்வலராகப் போகும் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் யூட்டாவின் தெற்கும் அரிசோனாவின் வடக்கும் சேரும் செம்பாறைப் பாலைநிலத்தைப் பார்க்க ஆசைப்படும் தம்பதிகளிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். ஒரு வாரச் சுற்றுலாவாகப் போகாதீர்கள், முடிந்தால் ஒரு கோடை முழுக்கத் தன்னார்வலர்களாகப் போங்கள். கூடாரத் திடலைப் பார்த்துக்கொள்வது, தகவல் மையத்தில் வருகிறவர்களுக்கு வழி சொல்வது, நடைபாதையைச் செப்பனிடுவது என்று தேசியப் பூங்காக்களில் வேலை நிறைய இருக்கிறது. சம்பளம் கிடையாது. பல இடங்களில் தங்க அறையோ, உங்கள் ஆர்.வி. வண்டியை (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) நிறுத்த மின்சாரமும் தண்ணீரும் உள்ள இடமோ கொடுப்பார்கள். வாரத்தில் சில நாள் வேலை, மீதி நாள் உங்களுடையது.

அங்கே நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை கண்ணுக்கு முன்னால் தெரிவதை மட்டும் வைத்து முடிவெடுப்பதால் வருபவை. பள்ளத்தாக்கு நாட்டில் மழை ஓரிடத்தில் பெய்யும், வெள்ளம் வேறிடத்தில் வரும். விளிம்பில் குளிர்காற்று வீசும்போது அடியில் அனல் அடிக்கும். எதிரே தெரியும் கரைக்குப் போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டியிருக்கும்.

முதலில் விண்ணப்பம். கோடைக்கான வேலைகள் அரசின் வாலண்டியர் டாட் கவ் தளத்தில் பல மாதங்களுக்கு முன்பே வரத் தொடங்கிவிடும். ஏப்ரலில் தேட ஆரம்பித்தால் நல்ல இடங்கள் போயிருக்கும். தம்பதியாகப் போகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி, இருவருக்கும் ஒரே நாளில் விடுப்பு வருமா என்பது. அவருக்குத் திங்கள், உங்களுக்கு வியாழன் என்று வந்தால் கோடை முழுக்கத் தனித்தனியாகத்தான் ஊர் பார்க்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அறையில் ஏசி உண்டா, மளிகைக் கடை எவ்வளவு தூரம், செல்போன் சிக்னல் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் தங்கள் விசாவில் இந்த வேலை செய்யலாமா என்று அந்தப் பூங்காவின் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம். சம்பளம் இல்லாத வேலைதானே என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். இன்னொன்று, 250 மணி நேரம் வேலை செய்தால் எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் ஓராண்டு நுழைவுச் சீட்டு இலவசம். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் தனி, இருவர் மணிகளையும் கூட்ட முடியாது.

கோடை முழுக்க ஒதுக்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். யூட்டாவில் கனாப் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் விலங்குக் காப்பகத்தில் முன்பதிவு செய்துகொண்டு ஒரு நாள் மட்டும்கூட வேலை செய்யலாம்.

சரி, வெயிலுக்கு வருவோம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட ஊட்டி அளவு உயரத்தில் இருக்கிறது. ஜூலை மாதக் காலையில் அங்கே நின்றால் இதமாக இருக்கும். விளிம்பில் பகல் வெயில் 29 டிகிரி என்றால் அடியில் கொலராடோ ஆற்றங்கரையில் 40-ஐத் தாண்டும். இறங்க இறங்கச் சூடு ஏறும். ஏறி வர வேண்டிய நேரத்தில் உடம்பில் தெம்பு குறைந்திருக்கும், தலைக்கு மேல் உச்சி வெயிலும் இருக்கும். வழக்கமான மலையேற்றத்தில் கடினமான பாதி முதலில் வரும். இங்கே அது கடைசியில் வருகிறது.

இதற்காகவே அந்தப் பூங்காவில் 1997-இல் ஒரு முன்தடுப்புக் குழுவைத் தொடங்கினார்கள். அதன் தன்னார்வலர்கள் பிரைட் ஏஞ்சல் பாதையில் நின்று இறங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார்கள். எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எது வரை போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பத் திட்டம் என்று கேட்பார்கள். விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் கீழே கல்லால் கட்டிய நிழற்குடில் ஒன்று இருக்கிறது. கையில் அரை லிட்டர் பாட்டிலோடு அங்கே வந்து நின்று, ‘ரொம்ப சுலபமாக இருக்கிறதே, ஆறு வரை போய்விடலாம் போல’ என்று சொல்கிறவர்களைப் பேசித் திருப்பி அனுப்புவதுதான் இந்த வேலையில் பாதி. என்னைக் கேட்டால், அங்கே ஒரு தம்பதி செய்யக்கூடிய மிகப் பயனுள்ள தொண்டு இதுதான்.

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தாக்குக்குள் நடக்க வேண்டாம் என்பது பூங்காவின் அறிவுரை. அதை அப்படியே கடைப்பிடியுங்கள். இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டால் உடம்பு தணியும். ஆனால் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வரை போகும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் மாதிரியே இருப்பதால் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடுவார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எடுத்துப் போங்கள், உப்பும் மாவும் உள்ளதாக எதையாவது இடையிடையே சாப்பிடுங்கள். புளியோதரையும் ஊறுகாயும் இதற்கு நன்றாகவே உதவும்.

தம்பதிகள் செய்யும் தனித் தவறு ஒன்று உண்டு. ஒருவர் வேகமாக நடப்பார், மற்றவர் பின்தங்குவார். தண்ணீர்ப் பை, கார் சாவி, வரைபடம் எல்லாம் வேகமாக நடப்பவர் முதுகில் இருக்கும். பின்னால் வருபவர் ‘நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்’ என்பார். நிழல் இல்லாத இடத்தில் தண்ணீர் இல்லாமல் ஒருவரை உட்கார வைத்துவிட்டுப் போவது மிகப் பெரிய தவறு. ஆளுக்கு ஒரு பை, ஆளுக்கு ஒரு தண்ணீர், ஆளுக்கு ஒரு சாவி. திரும்பும் நேரத்தை மெதுவாக நடப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் மழை. ஜூலை, ஆகஸ்டில் அங்கே பருவமழைக் காலம். பிற்பகலில் திடீரென இடிமேகம் கட்டி ஓரிடத்தில் மட்டும் கொட்டும். வெறும் பாறையும் இறுகிய மண்ணும் தண்ணீரை உறிஞ்சாததால் எல்லாம் ஓடி வந்து இடுக்குகளில், அதாவது பாறைச் சுவர்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய பள்ளத்தாக்குகளில் சேரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் பேஜ் ஊருக்கு அருகே கீழ் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். இடிமழை கொட்டியது பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டு நிலத்தில். 2015 செப்டம்பரில் சயான் பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் இறங்கிய ஏழு பேர் குழுவில் ஒருவரும் திரும்பவில்லை. தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறது என்பதை வைத்து இடுக்குக்குள் இறங்காதீர்கள். அன்றைய திடீர் வெள்ள வாய்ப்பு எந்த அளவு என்று பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, தூரத்தில் இரைச்சல் கேட்டாலோ உடனே மேடான இடத்தில் ஏறிவிடுங்கள். வெள்ளத்தை ஓடி ஜெயிக்க முடியாது.

அதே மழை மண் சாலைகளையும் கெடுக்கும். அந்தக் களிமண் நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நான்கு சக்கர இழுவை வண்டியையும் நகர விடாது. ஜி.பி.எஸ். குறுக்கு வழி காட்டுகிறது என்று காட்டன்வுட் கேன்யன் சாலை மாதிரி வழிகளில் விசாரிக்காமல் இறங்காதீர்கள்.

விடுப்பு நாளில் மூன்று பூங்கா பார்க்கத் திட்டம் போடுவதையும் விட்டுவிடுங்கள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்பு வெறும் 16 கிலோமீட்டர் நேர்கோட்டில் தெரியும், சாலை வழியே ஏறக்குறைய 345 கிலோமீட்டர். கேன்யன்லேண்ட்ஸ் என்ற ஒரே பூங்காவின் இரண்டு பகுதிகளுக்கு இடையே இரண்டு மணி நேரப் பயணம், ஏனென்றால் பூங்காவுக்குள் ஆற்றைக் கடக்கப் பாலமே கிடையாது. நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், அரிசோனா தள்ளாது. ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலம் தள்ளும். பேஜ் ஊரில் நிற்கும்போது உங்கள் செல்போன் எந்த கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். முன்பதிவு செய்திருந்தால் எந்த ஊர் நேரம் என்று கேட்டு, கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நல்லெண்ணத்தால் நடக்கும் தவறுகள். தன்னார்வலர்களிடம் இவைதான் அதிகம், எனக்கு மிகவும் வருத்தம் தருபவையும் இவையே.

பாதையோரத்தில் கறுத்து, பொரிந்து, சின்னச் சின்ன மேடுகளாகத் தெரியும் மண்ணைக் குனிந்து பாருங்கள். அது உயிருள்ள மண். நீலப்பச்சைப் பாசியின் நுண்ணிய இழைகள் மணல் துகள்களைக் கோத்துப் பிடித்திருக்கின்றன, கூடவே வேறு பாசியும் கற்பாசியும் வளர்ந்திருக்கும். காற்றில் மண் பறக்காமல் காப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் சேர்ப்பதும் இதுதான். ஒரு காலடி பட்டால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். தூரத்தில் கிடக்கும் ஒரு காகிதத்தைப் பொறுக்க இதன் மேல் நடந்து போவது காகிதத்தைவிடப் பெரிய கேடு. பாறையிலோ வறண்ட ஓடை மணலிலோ மட்டும் கால் வையுங்கள். பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரிலும் கை நனைக்க வேண்டாம். அதில் சின்னஞ்சிறு இறால் வகை உயிர்கள் வளரும், உங்கள் கையில் பூசிய சன்ஸ்கிரீன் அவற்றுக்கு நஞ்சு.

துருப்பிடித்த பழைய தகர டப்பாவைக் குப்பை என்று எடுக்காதீர்கள். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் வரலாற்றுச் சான்றாக இருக்கலாம், அதை எடுப்பதா என்று சொல்ல வேண்டியவர் தொல்லியல் அலுவலர். உடைந்த பானை ஓடுகளைத் தேடிச் சேர்த்து அடுத்தவர் பார்க்க வசதியாக ஒரு தட்டைக் கல்லில் அடுக்கி வைக்கிறார்கள். ஓடு எங்கே கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி இருக்கிறது. எடுத்த நொடியில் அது போய்விடுகிறது. பாறை ஓவியத்துக்குப் பக்கத்தில் யாரோ கிறுக்கியிருந்தால் தண்ணீரும் பிரஷும் கொண்டு நீங்களே தேய்க்க வேண்டாம், படம் எடுத்துப் பூங்காக் காவலரான ரேஞ்சரிடம் கொடுங்கள். ‘அழிந்துபோன இனத்தின் சின்னங்கள்’ என்று வருகிறவர்களிடம் சொல்வதையும் தவிர்க்க வேண்டும். அவற்றைச் செய்தவர்களின் வழிவந்த ஹோப்பி, ஸூனி பழங்குடி மக்கள் இன்றும் அதே நிலப்பகுதியில் வாழ்கிறார்கள், அந்த இடங்கள் அவர்களுக்கு முன்னோர் வீடு.

விடுப்பு நாளில் அவசரமில்லாமல் போக ஓரிடம் வேண்டுமென்றால் கேப்பிடல் ரீஃப் பூங்காவின் ஃப்ரூட்டா பழத்தோட்டங்களுக்குப் போங்கள். மார்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் வைத்த தோட்டங்களைப் பூங்காவே பராமரிக்கிறது. ஆகஸ்ட் வாக்கில் பீச் பழுக்கும். அறுவடைக்குத் திறந்திருப்பதாகப் பலகை வைத்த தோட்டத்தில் மட்டும் நுழையுங்கள். அங்கேயே பறித்துத் தின்றால் காசு இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போவதை எடை போட்டு அதற்குரிய பணத்தைப் பெட்டியில் போட வேண்டும். மரத்தில் ஏறக் கூடாது, ஏணி அங்கேயே இருக்கும்.