அவர் கொயெத்கிதானில், மூட்டை முடிச்சு நம் கையில்

புதுச்சேரி சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தார்) வீட்டுப் பெண்களுக்கு ஊர் மாறுவது புதிதல்ல. ஆனால் வீட்டுக்காரர் ஆபிசர் பயிற்சியில் இருக்கும்போது இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குக் கிளம்பத் தயாராவது தனி வேலை. சர்ஜெந்தாக இருந்தவர் பிரான்சின் ஆபிசர் பள்ளி இருக்கும் கொயெத்கிதானில் 2 வருஷம் படிக்கிறார், அப்புறம் தன் பிரிவின் பள்ளியில் ஒரு வருஷம். களப் பயிற்சிக்குப் போய்விட்டால் போனில் பிடிக்க முடியாது. "அவர் வந்ததும் கேட்டுக்கலாம்" என்று எதையும் தள்ளிப் போடாதீர்கள். மாற்றல் உத்தரவு வரும் முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம்.

முதலில் கையெழுத்து. கார் அவர் பேரில் இருந்தால் விற்க அவர் கையெழுத்து வேண்டும். வங்கி, வாடகை, சாமான் ஏற்றும் கம்பெனி எல்லாவற்றுக்கும் சேர்த்து, லீவில் வரும்போதே புரோக்கியுராசியோன் (அவருக்குப் பதில் நீங்கள் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே! சாப்பிட்டதும் தூங்கிவிடுவார்.

அடுத்தது பதிவுகள். புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களின் பிறப்பு, கல்யாணப் பதிவுகளை நாந்த் நகரத்து மத்தியப் பதிவகத்தில் கேட்டு வாங்க வேண்டும். பல அலுவலகங்கள் 3 மாதத்துக்குள் எடுத்த நகலைத்தான் ஏற்கும், அதனால் இதை மட்டும் ரொம்ப முன்கூட்டி எடுக்காதீர்கள். லிவ்ரே த ஃபமீயில் (குடும்பப் பதிவுப் புத்தகத்தில்) கடைசிப் பிள்ளை பேர் ஏறியிருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு அலைய வேண்டாம். ராணுவத்தாருக்கான நிதியம் தூலோனில் இருக்கிறது, எங்கே போனாலும் அதுதான். குடும்பப் படித்தொகை அலுவலகம் மட்டும் மாறும்.

நீங்கள் வேலைக்குப் போகிறவரானால், ராஜினாமாக் கடிதத்தில் "கணவரின் பணி மாற்றலால்" என்று காரணம் இருக்கட்டும். அப்படி விலகுவது நியாயமான ராஜினாமா என்பதால் வேலையில்லாப் படிக்கு வழி உண்டு. மாற்றல் உத்தரவின் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

பள்ளிக்கூட விஷயத்தில்தான் பலர் திணறுகிறார்கள். மாற்றல்கள் பெரும்பாலும் கோடையில் நடக்கும். பிரான்சில் பள்ளி திறப்பது செப்டம்பரில், இங்கே ரீயூனியனில் ஆகஸ்டு நடுவிலேயே மணி அடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளின் கோடை விடுமுறை பாதியில் போய்விடும், இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பதிலுக்கு டிசம்பர், ஜனவரியில் நீண்ட விடுமுறை உண்டு. ஜூலை தொடக்கத்தில் பழைய பள்ளி மூடுவதற்குள் பெயர் நீக்கச் சான்றிதழை வாங்கிவிட வேண்டும். மூடிய பிறகு அதைத் தர அங்கே ஆள் இருக்காது.

சாமான் விஷயம். கப்பலில் வருவது லெ போர் (Le Port) என்ற ஊரின் துறைமுகத்தில் இறங்கும், சுங்கம் பார்க்கும். 6 மாதத்துக்கு மேல் உங்களிடம் இருந்த பொருள் என்றால் வரி இல்லாமல் உள்ளே வரும். அதனால் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் என்ன விலை என்று பட்டியலும் தயாராக இருக்கட்டும். ஊரிலிருந்து கிரைண்டர் வாங்கி வர நினைத்தால் இப்போதே வாங்குங்கள். மின்சாரம் 230 வோல்ட்டுதான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். கறிவேப்பிலைச் செடியைப் பையில் ஒளித்துக் கொண்டுவராதீர்கள், செடி, விதை, பழம் எதையும் சும்மா விடமாட்டார்கள். சென்-பியேர் கடற்கரையில் சனிக்கிழமைச் சந்தையில் "கலூப்பிலே" என்று கேளுங்கள், கட்டு கட்டாகக் கறிவேப்பிலை கிடைக்கும். முருங்கைக்கீரையும்தான். ஸ்வெட்டரை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஜூலையில் பிளேன் தே காஃபர் மேட்டில் நன்றாகவே குளிரும்.

ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ இந்தியப் பாஸ்போர்ட்டில் அழைக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: ரீயூனியன் பிரான்சுதான், ஆனால் செங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) பகுதி அல்ல. பாரிசுக்கு எடுத்த விசா தானாக இங்கே செல்லாது, விண்ணப்பத்திலேயே ரீயூனியன் பேரை எழுதுங்கள்.

புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. 2024 ஜனவரியில் பெலால் புயல், 2025 பிப்ரவரியில் கரான்ஸ் புயல். சிவப்பு எச்சரிக்கை வந்தால் வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. ஓய்ந்ததும் மீட்பு வேலைக்குப் படையைத்தான் கூப்பிடுவார்கள், அவர் வீட்டில் இருப்பார் என்று கணக்குப் போடாதீர்கள். குடிநீர், டார்ச், பேட்டரி ரேடியோ, பிள்ளைகளின் மருந்து எல்லாவற்றையும் அக்டோபர் மாதமே வாங்கி வைத்துவிடுங்கள்.