ஆண்களின் மார்பகப் புற்றுநோய்: விழிப்புணர்வுப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் தொண்டர்களைக் கவனிக்கும்போது, தொடக்க காலத்தில் நாங்கள் விட்ட பிழைகளே மீண்டும் நடப்பதைக் காண்கிறேன். பேச்சில் தடுமாறுவது போன்ற குறைகள் பழகப் பழக நீங்கிவிடும். நோயாளிக்குக் கேடு விளைவிப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பெண்களை மட்டும் கூட்டுவது

மார்பகப் புற்றுநோயாளர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஆண். கமக்காரர் அமைப்பிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் பேசுங்கள்.

"செல் பீஸ்" என்றதும் தலையாட்டுவது

இன்றும் எனக்குச் சினமூட்டும் தவறு இதுதான். 2009 வரை நீடித்த போரில் வெடித்த எறிகணைகளின் இரும்புத் துண்டுகளை, அதாவது "செல் பீஸ்"களை, உடலில் சுமப்பவர்கள் வன்னியில் பலர் இருப்பதால், முலைக்காம்பின் கீழ்க் கட்டி தட்டுப்படும் ஒருவர், "அது அந்த நேரம் பட்ட பீஸ் தம்பி, கிடக்கட்டும்" என்றால், கேட்பவருக்கும் அது நியாயமாகவே தோன்றிவிடுகிறது. நானறிந்த கமக்காரர் ஒருவர் அப்படிச் சொன்னபோது எங்கள் தொண்டரும் ஏற்றுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அரிவி வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போட்ட அந்த மனிதர், தோல் புண்ணாகிக் கசியத் தொடங்கிய பிறகே வைத்தியசாலைக்குச் சென்றார். அதற்குள் அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. அவருடைய உடலில் பீஸ் இருந்தது உண்மை. ஆனால் அது இருந்த இடம் தோள்.

ஆணின் மார்பில் திசு குறைவு என்பதால் கட்டி சிறிதாக இருக்கும்போதே விரலுக்குத் தட்டுப்படும். அதே காரணத்தால் அது தோலையும் நெஞ்சுத் தசையையும் எளிதில் எட்டிவிடும். கட்டி எதுவென்பதை ஸ்கானும் திசுப் பரிசோதனையுமே தீர்மானிக்க வேண்டும். நீங்களோ நோயாளியோ அல்ல. எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், உடலில் பீஸ் இருப்பதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

வலியை மட்டும் கேட்பது

பெரும்பாலும் வலிக்காது. காம்பு உள்ளே இழுபட்டிருக்கிறதா, இரத்தம் கலந்த நீர் கசிகிறதா என்றும் கேளுங்கள்.

குடும்பத்தைப் பற்றி விசாரிக்காமல் விடுவது

தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்திருந்தால் ஆணுக்கும் ஆபத்து கூடும். இந்நோயின் ஆபத்தைக் கூட்டும் பிறழ்வு பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுவில் உள்ள தந்தையிடமிருந்து, அந்தப் பிறழ்வு மகளுக்கும் செல்லக்கூடும்.

பதின்ம வயதினரை வெருட்டுவது

பருவமடையும் காலத்து மார்பு வீக்கம் பொதுவாகப் புற்றுநோயன்று.

துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு வருவது

கட்டி இருப்பதாகச் சொல்பவரை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிச் செல்லுங்கள். பெண்கள் நிறைந்த வரிசையில் தனியாக நிற்கக் கூசி, பாதியில் வீடு திரும்பிய ஆண்களை நான் கண்டிருக்கிறேன்.