பழைய மடிக்கணினியே போதும்

புகைப்படங்களை யாருடைய சர்வரிலோ வைக்க மனமில்லையா? உங்கள் கருவிகளுக்கிடையே கோப்புகளை நேரடியாக ஒத்திசைக்கும் சின்க்திங்கிலிருந்து (Syncthing) தொடங்குங்கள். இலவசம், திறமூல மென்பொருள். கோப்புகளை நடுவில் வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனம் எதுவும் கிடையாது. பழைய மடிக்கணினியில் நிறுவி, பிரவுசரில் 127.0.0.1:8384 என்று தட்டினால் கட்டுப்பாட்டுத் திரை வரும். அதில் கிடைக்கும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் நிறுவிய சின்க்திங் செயலியால் ஸ்கேன் செய்து, மடிக்கணினியிலும் இணைப்புக்கு ஒப்புதல் கொடுத்து, கோப்புறையைப் பகிர்ந்தால் போதும். (ஆண்ட்ராய்டில் அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, அதற்குப் பதிலாக சின்க்திங்-ஃபோர்க் என்ற செயலி இருக்கிறது.)

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: இது ஒத்திசைவு, காப்புப் பிரதி அல்ல. கைபேசியில் அழித்த படம் மடிக்கணினியிலிருந்தும் போய்விடும். ஆகவே முதல் வேலையாக, மடிக்கணினியில் அந்தக் கோப்புறையின் அமைப்புகளுக்குப் போய், பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். அழிந்தவை தனியே ஒதுங்கிக் கிடக்கும், வேண்டும்போது மீட்கலாம்.