தைப்பூச வியாபாரம் நவம்பரில் காட்டுகிறதா? பவர் பிஐ-யில் தேதி அமைப்பைச் சரிசெய்வது எப்படி

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பூஜைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு மாத அறிக்கை தயாரித்துக் கொடுக்கிறேன். 2025 பிப்ரவரி முடிந்ததும் அந்த மாத பில்களைப் பவர் பிஐ-யில் ஏற்றினேன். கணக்கை வரைபடமும் அறிக்கையுமாக மாற்றிக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் அது. தைப்பூசத்துக்கு முந்தின நாளும் தைப்பூசத்தன்றும் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு ரதம் போகும் வழியில் உடைக்கிற தேங்காயில் ஒரு பங்கு அங்கிருந்துதான் போகிறது. ஆனால் வரைபடத்தில் பிப்ரவரி வெறிச்சென்று கிடந்தது. அக்டோபர் 2-இலும் நவம்பர் 2-இலும் இரண்டு பெரிய தூண்கள் நின்றன. நான் பார்த்துக்கொண்டிருந்ததோ மார்ச் மாதத்தில்.

"தம்பி, தேங்காய் வித்த காசு எங்கே?" என்று முதலாளி கேட்டார். ஒரு ரிங்கிட்கூடத் தொலையவில்லை. எல்லாம் தவறான தேதியின் கீழே உட்கார்ந்திருந்தது.

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. கடையின் பில் மெஷின் அதை 11/02/2025 என்று எழுதும். மலேசியாவில் நாள் முன்னால், மாதம் பின்னால். அமெரிக்க வழக்கில் மாதம் முன்னால் வரும். கடைக் கணினியில் விண்டோஸின் வட்டார அமைப்பு, வாங்கின நாளிலிருந்தே 'இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்று இருந்தது. பவர் பிஐ அதையே எடுத்துக்கொண்டு 11/02 என்பதை நவம்பர் 2 என்று படித்துவிட்டது.

இதைச் சரிசெய்யும் வழியைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். மெனுப் பெயர்களைத் திரையில் படிக்கிறபடியே தருகிறேன்.

முதலில், இந்தக் கோளாறுதானா என்று பாருங்கள்

நாளும் மாதமும் இடம் மாறினால் அது ஒரு தனி அடையாளத்தை விட்டுச் செல்லும். பிப்ரவரி 1 ஜனவரி 2 ஆகிவிடும், பிப்ரவரி 3 மார்ச் 2 ஆகிவிடும், பிப்ரவரி 12 டிசம்பர் 2 ஆகிவிடும். பிப்ரவரி 2 மட்டும் தன் இடத்திலேயே இருக்கும். ஆக, ஒவ்வொரு மாதமும் 2-ஆம் தேதியில் மட்டும் விற்பனை தெரிந்தால், அது பிப்ரவரிக் கணக்குதான். 13-ஆம் தேதியிலிருந்து உள்ளவற்றுக்கு இடமே கிடைக்காது, ஏனென்றால் பதிமூன்றாவது மாதம் இல்லை. அவை எரர் ஆகி, வரைபடத்தில் 'பிளாங்க்' என்ற பெயரில் ஒரே குவியலாகச் சேரும். என் அறிக்கையில் 13 முதல் 28 வரை 16 நாள் விற்பனை அப்படித்தான் கிடந்தது.

சிலருக்கு வேறு மாதிரி வரும். தேதிப் பத்தி, அதாவது தேதிகள் இருக்கும் நெடுவரிசை, முழுக்க வெறும் எழுத்தாகவே நின்றுவிடும், மாத வாரியாகப் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) ஏற்றும்போது பவர் பிஐ முதல் 200 வரிகளைப் பார்த்துத்தான் பத்தியின் வகையை முடிவு செய்கிறது. அந்த 200 வரிக்குள் 13-ஆம் தேதி வந்துவிட்டால், இது தேதியே இல்லை, எழுத்து என்று விட்டுவிடும். வராவிட்டால் தேதி என்று நம்பி மாற்றத் தொடங்கும். இரண்டாவதுதான் ஆபத்து. பாதி எண்கள் சரியான தேதி போலவே தோன்றும், யாருக்கும் சந்தேகம் வராது.

மதிப்பு தவறா, தோற்றம் தவறா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். நிறைய பேர் இங்கேதான் அரை நாளைத் தொலைக்கிறார்கள். தேதி உள்ளே சரியாக இருந்து, திரையில் மட்டும் மாதம் முன்னால் தெரியலாம். இல்லையென்றால் உள்ளேயே தவறாகப் பதிந்திருக்கலாம். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், ஆனால் மருந்து வேறு வேறு.

கண்டுபிடிக்கக் கிழமை போதும். உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு நாளின் பில்லை எடுங்கள். டேபிள் வியூவில் தேதிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, மேலே 'ஃபார்மட்' பெட்டியில் 'லாங் டேட்' என்று மாற்றுங்கள். கிழமையோடு முழுத் தேதியும் தெரியும். 2025 தைப்பூசம் செவ்வாய்க்கிழமை. என் திரையில் ஞாயிறு, நவம்பர் 2 என்று வந்தது. அப்படியானால் மதிப்பே தவறு. செவ்வாய் என்று வந்திருந்தால் தோற்றத்தை மட்டும் மாற்றினால் போதும், நீங்கள் நேராகத் தோற்றம் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

மதிப்பைச் சரிசெய்தல்

'ஃபைல்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', அதற்குள் 'ஆப்ஷன்ஸ்'. இடது பக்கப் பட்டியலில் 'குளோபல்', 'கரன்ட் ஃபைல்' என்று இரண்டு பகுதிகள் இருக்கும். 'ரீஜனல் செட்டிங்ஸ்' இரண்டிலும் உண்டு. நமக்கு வேண்டியது கீழே உள்ள 'கரன்ட் ஃபைல்'. அதில் 'லோகேல் ஃபார் இம்போர்ட்' (லோகேல் என்றால் வட்டாரம்) என்ற இடத்தில் 'இங்கிலீஷ் மலேசியா' என்று தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். அப்புறம் 'ரிஃப்ரெஷ்' அழுத்துங்கள். பெரும்பாலும் இதிலேயே தேதிகள் தங்கள் மாதத்துக்குத் திரும்பிவிடும். இது அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும்தான். அடுத்த அறிக்கையைப் புதிதாகத் தொடங்கினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

நான் இதோடு நிறுத்துவதில்லை. பத்தியிலேயே எழுதி வைப்பதுதான் உறுதியான வழி. 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' அழுத்தி, ஏற்றும் தரவைத் திருத்துகிற பகுதியான பவர் குவெரிக்குள் போங்கள். வலது பக்கம் படிகளின் பட்டியலில் 'சேஞ்ச்டு டைப்' என்று பவர் பிஐ தானாகச் சேர்த்த படி இருக்கும். முதலில் அந்தப் படியில் நின்றுகொண்டு, தேதிப் பத்தியை 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே உள்ளதை மாற்றவா என்று கேட்டால் 'ரீப்ளேஸ் கரன்ட்' கொடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். பழைய மாற்றத்தை விட்டுவிட்டு மேலே இன்னொரு படி சேர்த்தால், தவறான தேதியைத்தான் மறுபடியும் தேதியாக்குவீர்கள்.

இப்போது பத்தியில் 11/02/2025 என்று பில்லில் உள்ளபடியே தெரிய வேண்டும். தெரிகிறதா? சரி. பத்தித் தலைப்பின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி, பட்டியலின் கடைசியில் இருக்கும் 'யூசிங் லோகேல்' என்பதை எடுங்கள். வகைக்கு 'டேட்', லோகேலுக்கு 'இங்கிலீஷ் மலேசியா'. பெட்டியின் அடியில் அந்த வட்டாரத்தில் தேதி எப்படி எழுதப்படும் என்று மாதிரி காட்டும். உங்கள் ஃபைலோடு அதை ஒப்பிட்டுவிட்டு ஓகே கொடுங்கள். இனி இந்த அறிக்கையை யார் கணினியில் திறந்தாலும் தேதியின் மதிப்பு மாறாது.

முடித்ததும் பிப்ரவரி மொத்தத்தைப் பில் மெஷினின் மாத மொத்தத்தோடு கடைசிக் காசு வரைக்கும் ஒப்பிடுங்கள். 'பிளாங்க்' குவியலும் காலியாகியிருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிஎஸ்வி ஃபைலை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து, எக்செல் ஃபைலாக 'சேவ்' செய்யாதீர்கள். அந்தக் கணினியும் அமெரிக்க அமைப்பில் இருந்தால், எக்செல் 12 வரையுள்ள தேதிகளை மாற்றிப் பதிந்துவிடும், மற்றவற்றை எழுத்தாக விட்டுவிடும். அதற்குப் பிறகு பவர் பிஐ-யில் எந்த செட்டிங்கும் உதவாது. பில் மெஷினிலிருந்து புதிதாக எடுப்பதுதான் வழி.

புள்ளியும் காற்புள்ளியும்

அதே கடைக்கு மேடானிலிருந்து சாம்பிராணி வருகிறது. இந்தோனேசியாவில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. அவர்கள் அனுப்பும் பட்டியலில் 12,5 கிலோ என்றால் பன்னிரண்டரை கிலோ. நம் அமைப்பு அதை 125 என்று எடுத்துக்கொள்ளும். 1.250 என்று வந்தால் ஒன்றேகால் ஆகிவிடும். எரர் வராது, அதனால்தான் இது தேதியைவிட மோசம். அதே 'யூசிங் லோகேல்' பெட்டியில் வகைக்கு 'டெசிமல் நம்பர்', லோகேலுக்கு 'இந்தோனேஷியன்' என்று கொடுங்கள். ஒரே அறிக்கையில் ஒரு ஃபைலுக்கு மலேசியா, இன்னொன்றுக்கு இந்தோனேசியா என்று வைத்துக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை. பத்தி வாரியாக எழுதி வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

தோற்றம் மட்டும் தவறு என்றால்

அறிக்கையை இணையத்தில் வெளியிட்ட பிறகு முதலாளி தன் லேப்டாப்பில் திறக்கிறார், அங்கே 2/11/2025 என்று தெரிகிறது. மதிப்பு சரிதான். தேதி காட்டும் விதம் அவருடைய பிரௌசரின் மொழியைப் பின்பற்றுகிறது. பிரௌசர் செட்டிங்கில் மொழிப் பட்டியலைத் திறந்து, 'இங்கிலீஷ் யுனைடெட் கிங்டம்' என்பதை அமெரிக்க இங்கிலீஷுக்கு மேலே நகர்த்திவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தால் நாள் முன்னால் வந்துவிடும்.

ஆனால் அறிக்கை பார்க்கும் ஒவ்வொருவரின் பிரௌசரையும் நாம் போய்த் தொட முடியாது. அதனால் நான் மாதத்தை எழுத்தில் காட்டும் அமைப்பையே வைக்கிறேன். ஃபார்மட் பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டவை பார்ப்பவரின் வட்டாரத்துக்கு ஏற்ப மாறும், குறி இல்லாதவை மாறாது. குறி இல்லாமல், நடுவில் மாதத்தின் பெயர் வரும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 11 பிப்ரவரி என்று இருந்தால் எந்த ஊரில் திறந்தாலும் குழப்பம் இல்லை.

தொகைக்கு முன்னால் டாலர் குறி வந்தால் அதே இடத்தில் கரன்சி பட்டியலைத் திறந்து மலேசிய ரிங்கிட்டை எடுங்கள். குறி மட்டும்தான் மாறும், எண் மாறாது.

காலையில் மட்டும் ஒரு நாள் பின்னால் போனால்

'இன்றைய விற்பனை' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். காலை 7 மணிக்குப் பார்த்தால் நேற்றைய எண், 8 மணிக்கு மேல் பார்த்தால் சரியாக இருக்கும். இணையத்தில் ஓடும் பவர் பிஐ உலகப் பொது நேரத்தில் (யூடிசி) இயங்குகிறது. மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால். நமக்குக் காலை 8 ஆகும் வரை அதற்கு இன்னும் நேற்றுதான். இதற்கு வட்டார செட்டிங் எதுவும் உதவாது, சூத்திரத்தைத்தான் மாற்ற வேண்டும். 'டுடே' ஃபங்ஷனுக்குப் பதிலாக 'யூடிசி நவ்' என்பதை எழுதி, அதோடு 8/24 கூட்டி, நேரத்தை வெட்டிவிட்டு நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.