ஒரு டம்ளர் ஓட்ஸ் எத்தனை கிராம்?

மாமாவுக்குச் சர்க்கரை. காலையில் 40 கிராம் ஓட்ஸ் போதும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் தராசு கிடையாது. அத்தையின் ஆழாக்கும் எவர்சில்வர் டம்ளர்களும்தான். "அரிசி அளக்கிற மாதிரி அளந்து போடு கண்ணு" என்றார் அத்தை. அங்கேதான் சிக்கல். 240 மில்லி டம்ளரில் அரிசி கிட்டத்தட்ட 200 கிராம் பிடிக்கும். அவல் மாதிரி தட்டையான ஓட்ஸ் 80லிருந்து 90 கிராம்தான் வரும். மீதி இடத்தில் இருப்பது காற்று.

முதலில் உங்கள் டம்ளர் எத்தனை மில்லி என்று பாருங்கள். உருக்காலை இருக்கிற ஊர்தான், ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு டம்ளர் ஒரே அளவில் இருந்ததில்லை. அரை லிட்டர் ஆவின் பாலை விளிம்பு வரை ஊற்றி எண்ணினேன். இரண்டு டம்ளர் நிறைந்து, அடியில் ஒரு வாய் மிஞ்சியது. அப்படியென்றால் சுமார் 240 மில்லி.

அடுத்து, பிரிக்காத 400 கிராம் ஓட்ஸ் பாக்கெட் ஒன்று. அகலமான பாத்திரத்தில் கொட்டி, கரண்டியால் அள்ளி டம்ளரில் போடுங்கள். தோசைத் திருப்பியின் விளிம்பால் தலையை வழித்துவிடுங்கள். எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணுங்கள். எனக்கு நாலே முக்கால் வந்தது. 400ஐ 4.75ஆல் வகுத்தால் 84 கிராம். மாமாவுக்கு அரை டம்ளருக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஆழாக்கு 168 மில்லி என்பதால் அதில் 59 கிராம் பிடிக்கும். மேசைக்கரண்டி என்றால், தலைதட்டி எட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

டம்ளரை நேராக ஓட்ஸுக்குள் முக்கி, மேடையில் தட்டி அளக்காதீர்கள். அப்படி அளந்தபோது அதே பாக்கெட் நாலேகால் டம்ளரில் அடங்கிவிட்டது. ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் கூடுதல்.

ஸ்டீல் கட் ஓட்ஸுக்கு இந்தக் கணக்கு உதவாது. அது தட்டையாக்காமல் நறுக்கிய குருணை, நெருக்கமாக உட்காரும். 240 மில்லிக்கு 160லிருந்து 180 கிராம் வரை போகும். தெரியாமல் வழக்கம்போல அரை டம்ளர் போட்டேன். குக்கர் பொங்கி அடுப்பெல்லாம் கஞ்சி. மாமா பாதிக்கு மேல் சாப்பிட முடியாமல் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். சீட்டில் சொன்னதைப்போல இரண்டு மடங்கு!

ஏற்காட்டில் தங்கை வீட்டில் மழைக்காலத்தில் திறந்த பாக்கெட் இரண்டே நாளில் நமுத்துவிடும். ஈரம் ஏறிய ஓட்ஸை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகும். புதுப் பாக்கெட்டில் மட்டும் எண்ணுங்கள், அப்புறம் இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுங்கள்.

தோசைக்கு மாவாக்குவதென்றால் அரைப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். அரைத்த மாவு டம்ளரில் எப்படி உட்காரும் என்று சொல்ல முடியாது. 84 கிராம் அரைத்தாலும் 84 கிராம்தான். மிக்ஸி மூடியில் ஒட்டியதை வழித்துப் போட்டால், என்பார் அத்தை.