முடக்குவாதத்துக்கு மூலிகை: கை தவறும் இடங்கள்

காலையில் கொட்டான் முடைய உட்கார்ந்தால் விரல் மடங்கவில்லை. ஓலையைப் பிடிக்கவே எட்டு, ஒன்பது மணியாகிறது. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, தொட்டால் சுடுகின்றன. செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு முதல் வைத்தியம் முடக்கத்தான் தோசை. தோசையில் தவறே இல்லை. மாதக்கணக்கில் அதோடு நின்றுவிடுவதுதான் தவறு.

முழங்கால் தேய்மானம், யூரிக் அமிலம் கூடி வரும் கவுட், சிக்குன்குனியாவுக்குப் பின் நீளும் வலி, உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) எல்லாவற்றையும் "மூட்டுவலி" என்ற ஒரே பையில் போடுகிறோம். காலை நேர இறுக்கம் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கி, ஆறு வாரத்தையும் தாண்டினால் ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தே ஆக வேண்டும். முடக்குவாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பை அரிக்கத் தொடங்கும். அரித்துப்போனதை எந்தக் கீரையும் திருப்பித் தராது. முடக்கத்தான் சாறு எலிகளில் வீக்கத்தைக் குறைத்தது உண்மை. அதை வைத்து மனிதருக்கு மாத்திரைக்கு மாற்று என்று சொல்லிவிட முடியாது. இரண்டு டம்ளர் இட்லி அரிசிக்கு இரண்டு கைப்பிடி கீரை சேர்த்து அரைத்துச் சாப்பிடுங்கள். உணவாக அது நல்லது.

அடுத்து மஞ்சள். கணக்கைப் பார்த்தால் தவறு தானே விளங்கும். மஞ்சளில் வேலை செய்யும் பொருளான குர்குமின், தூளில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் தூளில் கிடைப்பது 90 மில்லிகிராம். முடக்குவாதத்தில் குர்குமினைச் சோதித்து 2012இல் வெளிவந்த ஆய்வில் கொடுத்தது 500 மில்லிகிராம் மாத்திரை. நல்ல பலன் தெரிந்தது, ஆனால் பங்கெடுத்தவர்கள் 45 பேர் மட்டுமே. ஒரு நாளைக்கு அப்படி இரண்டு வேளை என்றால் 33 கிராம் தூள், பதினோரு தேக்கரண்டி வேண்டும். இரவில் குடிக்கும் மஞ்சள் பால் அந்த அளவை எட்டாது. போதாததற்கு, குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை. 1998இல் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியது. மிளகின் காரம் தரும் பொருள்தான் பைப்பரின்.

"அப்படியானால் பைப்பரின் சேர்த்த கேப்சூலே வாங்கிவிடலாமே" என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். குர்குமினை ஏற்றிவிடும் அதே பைப்பரின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், ரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால் போன்றவற்றின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடும். இந்தக் கூட்டுக் கேப்சூல்களால் கல்லீரல் வீங்கிய சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தொடவே வேண்டாம். மிளகுக் குழம்பு வேறு, கேப்சூல் வேறு.

எல்லாவற்றிலும் கொடிய தவறு மெத்தோட்ரெக்சேட்டில் நடக்கிறது. முடக்குவாதத்துக்கு அது வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் போட்டுக்கொண்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்து. இன்னொரு பக்கம், "இங்கிலீஷ் மருந்து கல்லீரலுக்குக் கெடுதி" என்று அதை நிறுத்திவிட்டு அமுக்கராப் பொடிக்கு (அஸ்வகந்தா) மாறுகிறார்கள். அமுக்கராவாலும் கல்லீரல் பாதிக்கப்படலாம். தைராய்டு மருந்தின் கணக்கையும் அது குழப்பும். கர்ப்பிணிகளுக்கு மெத்தோட்ரெக்சேட், அமுக்கரா இரண்டுமே கூடாது.

செங்காந்தள் கிழங்கை நினைத்தால் மனம் பதறுகிறது. அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் என்ற நச்சுப் பொருளைத்தான் கவுட்டுக்கு 0.5 மில்லிகிராம் மாத்திரையாகத் தருகிறார்கள். எந்தக் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் அளக்க முடியாது. சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றே உயிர் போயிருக்கிறது. முதல் சில மணி நேரத்தில் வாந்தி பேதி, அடுத்த நாட்களில் ரத்த அணுக்கள் சரிவு, பிழைத்தவர்களுக்கு முடி கொட்டுதல். உரசிக்கூட உள்ளே கொடுக்காதீர்கள். சேராங்கொட்டையும் அப்படித்தான், சுத்தி (நச்சு நீக்கம்) செய்யாத கொட்டையின் பால் பட்ட இடமெல்லாம் கொப்புளிக்கும். சித்த மருத்துவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

பிரண்டையில் தவறு சின்னது. முற்றிய தண்டை எடுத்து, நார் உரிக்காமல், வதக்காமல் அரைத்தால் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். இளந்தண்டாகப் பார்த்து, கையில் நல்லெண்ணெய் தடவி நார் உரித்து, எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளி வைத்துத் துவையல் அரையுங்கள்.

கடைசியாக, பெயர் இல்லாத பொட்டலம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது, நன்றாகப் பசிக்கிறது, முகம் உப்பி வட்டமாகிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கச் சந்தேகப்படுங்கள். மூலிகைப் பொடி பொதுவாக அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தியும் விடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். மிச்சமுள்ள பொட்டலத்தையும், சாப்பிடும் மற்ற மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எத்தனை வாரமாக, ஒரு நாளைக்கு எத்தனை சிட்டிகை என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.