டேப், கோலமாவு, ஒரு குடம் தண்ணீர்: தெருவை நடக்கிற மாதிரி மாற்றுவது எப்படி

முப்பத்தோரு வருடம் ரோடு கான்ட்ராக்டில் சைட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் பக்கம் எத்தனையோ தெருவில் நின்று, பிளாட்பாரத்தின் ஓரத்தில் வைக்கிற கெர்ப் கல்லை நட வைத்திருக்கிறேன். அதில் பாதியில் இன்றைக்கு என் மனைவியால் ஏற முடியாது. முழங்கால் தேய்மானம். காலையில் காய் வாங்கக் கிளம்பினால் பிளாட்பாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோட்டிலேயே நடப்பாள். ஏன் என்று கேட்டால், "நீங்க போட்டதுதானே, நீங்களே ஏறி நடங்க" என்பாள்.

அந்தப் பேச்சை வாங்கிய பிறகுதான் டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவை அளக்க ஆரம்பித்தேன். எப்படிச் செய்வது என்று அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

புகார் எழுதுவது அப்புறம். முதலில் அளவு. ஐந்து மீட்டர் டேப், ஒரு நோட்டு, துணைக்கு ஒரு ஆள் போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகாதீர்கள். தெரு அப்போது பொய் சொல்லும். பள்ளிக்கூடம் கூடும் நேரம், காலை எட்டு மணிக்குப் போங்கள். பிளாட்பாரத்தின் மொத்த அகலத்தை அளந்து பயனில்லை. சுவருக்கும் ஈ.பி. பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு, மரத்துக்கும் கடைப் படிக்கும் நடுவில் எவ்வளவு என்று குறுகலான இடத்தைத்தான் அளக்க வேண்டும். எங்கள் தெரு முனையில் பிளாட்பாரம் ஒன்பது அடி. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நடக்கக் கிடைத்தது ஒன்றேகால் அடி. அந்தத் தெருவில் நடைபாதையின் அகலம் ஒன்றேகால் அடிதான்.

எவ்வளவு இருக்க வேண்டும்? ரோடு வேலைக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 என்ற நெறிமுறையில் இருக்கிறது. குடியிருப்புத் தெருவில் எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர் உயரம். கடைத்தெருவாக இருந்தால் இன்னும் அதிகம். 1.8 மீட்டர் என்பது ஏதோ தாராளம் என்று நினைக்க வேண்டாம். ஒருத்தர் குடத்தோடு வர, எதிரே இன்னொருத்தர் பிள்ளையைக் கைபிடித்து வர, இரண்டு பேரும் இடிக்காமல் போக அவ்வளவு வேண்டும்.

அடுத்தது உயரம். இதில் என் பங்குப் பாவம் இருக்கிறது. ரோட்டிலிருந்து கெர்ப் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நாங்கள் ஒன்றரை அடிகூட வைத்திருக்கிறோம். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போட்ட காலத்தில் ரோடு ஏறிக்கொண்டே போனது. "எப்படியும் அடுத்த தடவை ரோடு ஏறும், இப்பவே தூக்கி வை" என்பார் மேஸ்திரி. உயரமாக இருந்தால் வண்டி ஏறாது என்று இன்னொரு கணக்கு. வண்டி ஏறத்தான் செய்தது, ஏறாமல் போனது மனிதர்கள்தான். அப்புறம் ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் பிளாட்பாரத்தைத் தாழ்த்தி வெட்டினோம். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, காசிமேட்டு அலை மாதிரி ஆகிவிட்டது. அலைமேல் யார் நடப்பார்கள்? கேட் வரும் இடத்திலும் பிளாட்பாரம் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். வண்டிதான் ஓரத்தில் ஒரு சின்னச் சரிவில் ஏறிப் போக வேண்டும். ரோட்டுக்குத் தார் போடும்போது பழையதைச் சுரண்டி எடுக்கிறார்களா என்பதையும் பாருங்கள். மில்லிங் மிஷின் வராமல் நேராகத் தார் லாரி வந்தால் கேள்வி கேளுங்கள். அப்படிப் போட்டால் ரோடு உங்கள் வாசலை விட உயர்ந்துவிடும், அடுத்த மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

மஞ்சள் டைல்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோடு போட்ட கல் பார்வையில்லாதவருக்கு "நட" என்று சொல்கிறது, புள்ளி வைத்த கல் "நில், கவனி" என்கிறது. முதல் தடவை போட்டபோது எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. அழகுக்கு என்று நினைத்து, கோட்டுக் கல்லை நேராக ஒரு விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் முடித்தோம். இப்படி எங்கே பார்த்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அளவு முடிந்ததும் ஒரு டீக்கடையைப் பிடியுங்கள். இதுதான் எனக்குப் பிடித்த வேலை. தெருவின் படத்தைக் கையால் வரைந்துகொண்டு, ஜனங்கள் எந்த இடத்தில் பிளாட்பாரத்தை விட்டு ரோட்டில் இறங்குகிறார்கள் என்று ஒரு மணி நேரம் புள்ளி வையுங்கள். புள்ளிகள் குவியும் இடம்தான் நோய் இருக்கும் இடம். எங்களுக்கு மூன்று இடத்தில் குவிந்தது: டிரான்ஸ்பார்மர், வரிசையாக நிறுத்திய பைக்குகள், பூக்கார அக்காவின் கூடை.

மூன்றாவதைப் பார்த்ததும் "கடையைத் தூக்கச் சொல்லலாம்" என்று துணைக்கு வந்த தம்பி சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு அந்தத் தெருவில் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்கிறார்கள் என்றால் அந்த அக்காவின் விளக்கும் அவரும்தான் காரணம். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. இடம் ஒதுக்குவதற்கு விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. வழி சுலபம்தான். பிளாட்பாரத்தை மனதில் இரண்டு கீற்றாகப் பிரியுங்கள். சுவர்ப் பக்கம் நடக்க மட்டும். ரோட்டுப் பக்கக் கீற்றில் மரம், விளக்குக் கம்பம், ஈ.பி. பெட்டி, பூக்கூடை எல்லாம் ஒரே வரிசையில். கூடை நாலடி நகர்ந்தது, அவ்வளவுதான். அக்காவுக்கு வியாபாரம் குறையவில்லை. ரோட்டில் போகிறவர்களும் இப்போது நின்று வாங்குகிறார்கள்.

பைக்குக்கு முழு மருந்து கிடையாது. பிளாட்பாரத்தில் குட்டைக் கம்பம் நட்டால் பைக் ஏறுவது நின்றுவிடும் என்பார்கள். சக்கர நாற்காலி போக வேண்டும் என்றால் கம்பங்களுக்கு நடுவில் 1.2 மீட்டராவது விட வேண்டும். அதில் பைக்கும் தாராளமாகப் போகும். கார் ஏறுவதைத் தடுக்கலாம், அவ்வளவுதான். பைக்குக்கு ரோட்டு ஓரத்தில் கோடு போட்ட இடம் ஒதுக்கிக் கொடுத்தால் பாதி பேராவது அங்கே போவார்கள்.

அப்புறம் ரோட்டைக் கடக்கிற விஷயம். "இங்கே ஜீப்ரா வேண்டும்" என்று வெறுமனே எழுதினால் காகிதம் காகிதமாகவே கிடக்கும். கணக்கோடு எழுதுங்கள். நெரிசலான ஒரு மணி நேரத்தில் கடக்கிற ஆட்களை எண்ணுங்கள், அதே நேரம் போகிற வண்டிகளை எண்ணுங்கள். நான் புளியங்கொட்டை வைத்து எண்ணினேன், பத்து பேருக்கு ஒரு கொட்டை. ஆட்களின் எண்ணிக்கையை வண்டிகளின் எண்ணிக்கையால் இரண்டு முறை பெருக்குங்கள். நடுவில் தடுப்பில்லாத ரோட்டில் விடை பத்துக் கோடியைத் தாண்டினால், தடுப்புள்ள ரோட்டில் இருபது கோடியைத் தாண்டினால், அங்கே முறையான கடவை வேண்டும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்த சூத்திரம்தான். எங்கள் பள்ளிக்கூட வாசலில் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை 420 பேர், 620 வண்டி. பெருக்கினால் பதினாறு கோடிக்கு மேல். கையில் இந்த எண் இருந்தபோது கிடைத்த மரியாதை, அதற்கு முன் எழுதிய மூன்று மனுவுக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சூத்திரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வண்டி ரொம்ப அதிகமான இடத்தில் பயந்துபோய் யாருமே கடக்க மாட்டார்கள். ஆள் கணக்கு குறைந்து "இங்கே தேவையில்லை" என்று வந்துவிடும். அதனால் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களையும், சுற்றிக்கொண்டு போகிறவர்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் இருந்தால் நேரத்தைச் சோதியுங்கள். ஆள் ஒரு நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் வழக்கமாகக் கணக்குப் போடுவார்கள். 14 மீட்டர் ரோட்டுக்கு 12 நொடி. என் மனைவி கடந்ததை வாட்ச் வைத்துப் பார்த்தேன், 21 நொடி. ஒன்று நேரத்தைக் கூட்ட வேண்டும், இல்லை நடுவில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு திட்டு கட்டி, பாதி கடந்து நின்று மூச்சு வாங்க விட வேண்டும்.

கடவை எங்கே வர வேண்டும்? ஏற்கெனவே கால்கள் கடக்கிற இடத்தில். எண்பது மீட்டர் தள்ளிப் போட்டால் யாரும் நடந்து போய்க் கடக்க மாட்டார்கள், ஒழுங்கில்லாத ஜனம் என்று பெயர்தான் மிஞ்சும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒன்று கவனித்திருக்கிறேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்த பிறகு, ஜனங்கள் கடக்கிற இடமே ஸ்டேஷன் வாசல்களுக்கு மாறிவிட்டது. தண்டையார்பேட்டை வரை சுரங்கம். அதற்கு அப்பால் பாதை தூண்கள்மேல் போகிறது. தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை கால் எடுத்து வைத்தால் டிரைவருக்குக் கடைசி நொடி வரை தெரியாது. தூணை ஒட்டிக் கடவை கேட்காதீர்கள், இரண்டு தூணுக்கு நடுவில் திறந்த இடமாகக் கேளுங்கள்.

கன்டெய்னர் லாரி இல்லாத வடசென்னை ஏது! நாற்பதடிப் பெட்டியே 12 மீட்டர். முன்னால் இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் இன்னும் நாலைந்து மீட்டர் நீளும். அது திரும்பும்போது முன் சக்கரம் ஒரு வழியில் போகும், பின் சக்கரம் மூலையை உள்ளே அறுத்துக்கொண்டு வரும். தலைப்பகுதி தாண்டிவிட்டது என்று ஓரத்தில் நிற்கிறவர் காலடிக்கே பின் சக்கரம் வந்துவிடும். மழை விட்ட மறுநாள் காலையில் மூலைக்குப் போனால் ஈரத்தில் சக்கரத் தடம் தெளிவாகத் தெரியும். அதன்மேல் கோலமாவால் கோடு போட்டுப் படம் எடுங்கள். நடக்கிறவர்கள் காத்து நிற்கும் இடம் அந்தக் கோட்டுக்கு நன்றாகப் பின்னால், கம்பத் தடுப்போடு இருக்க வேண்டும்.

லாரி வராத உள்தெரு மூலைக்கு இது நேர்மாறு. அங்கே மூலை அகலமாக வளைந்திருந்தால் ஆட்டோவும் பைக்கும் வேகம் குறைக்காமலே திரும்பும். மூலையைக் குறுக்க வேண்டும். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், செய்துதான் காட்ட வேண்டும். போக்குவரத்துக் காவலர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலமாவால் புது வளைவை வரைந்து பழைய டயர்களை வைத்தோம். திரும்புகிற ஒவ்வொரு ஆட்டோவும் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. குப்பை லாரி திரும்புமா என்று கேட்டவர்களுக்காக அதையும் வரவழைத்துத் திருப்பிக் காட்டினோம். திரும்பியது.

வேகத்தடையை ராவோடு ராவாக நீங்களே சிமெண்டில் கட்டிவிடாதீர்கள். தயவுசெய்து. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரின் முதுகெலும்பை நினைத்துக்கொள்ளுங்கள். முறையான வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்துக்கு மெதுவாக ஏறி இறங்கும், உச்சியில் 10 சென்டிமீட்டர்தான். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அது தொந்தரவே செய்யாது. பள்ளிக்கூட வாசலில் இதைவிட நல்லது, கடவையையே பிளாட்பார மட்டத்துக்கு உயர்த்திவிடுவது. பிள்ளைகள் இறங்கி ஏற வேண்டாம், வண்டிதான் ஏறி இறங்கும். குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 கிலோமீட்டர்தான் என்று 2023 நவம்பரிலிருந்தே சென்னையில் விதி இருக்கிறது. போர்டு மட்டும் வைத்து அது நடக்காது.

யாரிடம் கொடுப்பது? ரோடு யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். உள்தெரு மாநகராட்சி மண்டல ஆபீஸின் கையில், பஸ் போகும் ரோடு மாநகராட்சியின் தனிப் பிரிவில், சில பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைத் துறையிடம். மாநகராட்சியின் புகார் லைன் 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள், வார்டு ஏ.இ.யை, அதாவது உதவிப் பொறியாளரை, நேரில் பாருங்கள், வார்டு ஜனங்கள் கூடுகிற ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். "ஆவன செய்யவும்" என்று எழுத வேண்டாம். "ஈ.பி. பெட்டியை 1.2 மீட்டர் ரோட்டுப் பக்கம் நகர்த்தவும்" என்று எழுதுங்கள். ஒரே பக்கம், ஒரு படம், இரண்டு எண். 2014-லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் 60 சதவீதமாவது நடைக்கும் சைக்கிளுக்கும் என்று சொல்லியிருப்பதை ஒரு வரியில் ஞாபகப்படுத்துங்கள். வேலைக்கு எஸ்டிமேட் போட்டுவிட்டால், பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபடத்தை வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் சைட்டில் நின்று பேசினால் என்னை மாதிரி சூப்பர்வைசர்கள் உங்களைச் சுலபமாக ஏமாற்றிவிடுவார்கள்.

கடைசியாக, வேலை நடக்கிற அன்றைக்கு அங்கே இருங்கள். ராத்திரியானாலும் பரவாயில்லை. மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் டீ வாங்கிக் கொடுங்கள், சண்டைக்குப் போக வேண்டாம். கெர்ப் உயரத்தில் டேப் வையுங்கள். ரோட்டிலிருந்து பிளாட்பாரத்துக்கு ஏறுகிற சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 சென்டிமீட்டர் கெர்ப் என்றால் சரிவு 180 சென்டிமீட்டர் நீள வேண்டும். இடமில்லை என்று பாதியில் நிறுத்தப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பிளாட்பாரத்தின்மேல் ஊற்றுங்கள், உயர்த்திய கடவையின் இரண்டு பக்கமும் ஊற்றுங்கள். வடிகால் வாய்க்கு ஓடினால் சரி. கடவை ஓரத்திலோ சரிவின் அடியிலோ குட்டையாகத் தேங்கினால் அந்த இடத்திலேயே, அப்போதே மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சிமெண்ட் காயாத வரைக்கும் அவருக்கு அது அரை மணி நேர வேலை. காய்ந்த பிறகு அதற்கு இன்னொரு டெண்டர் வேண்டும்.